ஆற்றில் போட்ட பொன், பூட்டிய கதவு

மணிமுத்தாற்றுப் பாலத்தில் பேருந்து போகும்போது எட்டிப் பார்த்தால், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மணலும் புதருமாகத்தான் தெரியும். இந்த ஆற்றில்தான் சிவனடியாரான சுந்தரர் 12,000 பொன்னைப் போட்டார். திருவாரூரில் இருந்த தன் மனைவி பரவைக்காக, திருமுதுகுன்றத்து இறைவனிடம் பாடிக் கேட்டு வாங்கிய பொன் அது. திருமுதுகுன்றம் என்பது எங்கள் விருத்தாசலத்தின் பழைய பெயர். கொடுத்தால் போதாது, ஆரூர்க்காரர்கள் பார்த்து வியக்கும்படி அங்கேயே கிடைக்க வேண்டும் என்று சுந்தரர் கேட்கிறார். ஆற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்கிறார் கடவுள். மாற்றுப் பார்ப்பதற்கு ஒரு துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் சுந்தரர் தண்ணீரில் விடுகிறார்.

நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஆரூரின் கமலாலயக் குளத்துக் கரையில் பரவை நிற்கிறாள். புருஷன் குளத்தில் இறங்கித் துழாவுகிறார். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. ஆற்றில் போட்டுவிட்டா குளத்தில் தேடுகிறீர்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அவருக்கு வெட்கமாகிப் போகிறது. மறுபடி பாடுகிறார், பொன் வருகிறது. வெட்டி வைத்த துண்டோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. இன்னொரு முறை பாடிய பிறகுதான் தரம் சரியாகிறது. உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்பது ஆரூர்க்காரர்களின் நம்பிக்கை. மாற்றுரைத்த பிள்ளையார் என்ற பெயரில் அவர் இன்னமும் அந்தக் குளக்கரையில் இருக்கிறார்.

கோயிலில் இதைப் பக்திக் கதையாகச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்கு இது ஏழு கடல் ஏழு மலைக் கதைகளின் சொந்தக்காரக் கதையாகத்தான் கேட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் முகம் மலர வேண்டும் என்று ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். கேட்டது கிடைக்கிறது, கையை விட்டுப் போகிறது, வேறொரு இடத்தில் மாயமாகத் திரும்பி வருகிறது. வந்ததும் சோதனைக்கு உள்ளாகிறது. உலகத்து மாயக்கதைகளெல்லாம் இந்தத் தடத்தில்தான் நடக்கின்றன.

நான் எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் பொம்மைக்கு முகம் எழுதுகிறவள். கண், புருவம், உதடு, நெற்றிப் பொட்டு இவ்வளவும் என் பொறுப்பு. நெய்வேலியில் நிலக்கரி எடுக்கத் தோண்டும்போது மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊருக்கு இந்தத் தொழில் ஒட்டிக்கொண்டது. மின்கம்பத்துக்கான பீங்கானும் இங்கே செய்கிறார்கள், பிள்ளையாரும் செய்கிறார்கள். புரட்டாசி நெருங்கினால் கொலுவுக்கு ஆர்டர் குவியும். அதில் எப்போதும் முதலில் தீர்ந்துபோவது கல்யாண செட்டு. மாப்பிள்ளை, பெண், ஐயர், நாதஸ்வரக்காரர், பந்தி என்று வரிசையாக வைக்கிற செட்டு அது. மணமக்கள் முகத்தை எழுதும்போதெல்லாம் ஒன்று நினைப்பேன். கதைகள் எல்லாம் இந்த செட்டோடு முடிந்துவிடுகின்றன. கல்யாணத்துக்கு மறுநாள் பொம்மையை யாரும் கேட்பதில்லை.

இப்படிக் கதை முடிவதைக் கணக்குப் போட்டே காட்டியவர் ரஷ்யாவின் விளாதிமிர் புரோப். நூறு மாயக்கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து, அவற்றில் வரும் நிகழ்ச்சிகளை 31 படிகளாக அடுக்கி 1928இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டை விட்டு ஒருவர் போவதில் தொடங்கும் அந்த அடுக்கின் கடைசிப் படி, நாயகன் மணமுடித்து அரியணை ஏறுவது. அந்த வரிசையில் பார்த்தால் காதல் பரிசு மாதிரித் தெரியும். அரக்கனைக் கொன்றால் அரசகுமாரி, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தால் கோப்பை.

எங்கள் ஆயா சொன்ன கதைகளில் அரசகுமாரி கோப்பையாக நின்றதே கிடையாது. அரக்கன் உயிர் கிளியில் இருக்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இந்தக் கதை கேட்காத பிள்ளை ஒரு காலத்தில் இருந்திருக்காது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரம், மரத்தில் ஒரு கூண்டு, கூண்டில் ஒரு கிளி. கிளியின் கழுத்தைத் திருகினால் அரக்கன் சாவான். நாயகன் வாளோடு போவதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். உயிர் எங்கே இருக்கிறது என்று அரக்கனிடம் நயமாகப் பேசிக் கறப்பவள் அரசகுமாரி. அவன் தூங்குகிறானா, நடிக்கிறானா என்று தெரியாமல், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, முகம் மாறாமல் கேட்க வேண்டும். நான் ஒரு நாள், "ஆயா, அவனுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி, இல்ல?" என்று கேட்டேன். "அட போ பாப்பா, வாளு வச்சிருக்கறவனுக்கு என்னா தைரியம்? வாயி மட்டும் வச்சிக்கினு அரக்கன்கிட்ட குந்தியிருந்தாளே, அவளுக்குத்தான் தைரியம்" என்றது ஆயா.

இதே கதையின் ஒரு வடிவம் 1868இல் மேரி ஃபிரியர் வெளியிட்ட தக்காணத்துக் கதைத் தொகுப்பில் இருக்கிறது. அவருக்குக் கதை சொன்னவர் அன்னா லிபரேட்டா டி சூசா என்ற ஆயாம்மா, ஃபிரியர் வீட்டில் வேலை பார்த்தவர். அந்தக் கதையிலும் மந்திரவாதியிடம் பேச்சுக் கொடுத்து ரகசியத்தை வாங்குபவள் சிறைப்பட்டிருக்கிற அரசகுமாரிதான். வேலைக்காரப் பெண்களின் வாய்வழியாக வந்த கதைகளில் பெண்ணின் துணிச்சல் தேய்ந்து போகவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

எல்லாக் கதையையும் அப்படிப் புகழ்ந்துவிட முடியாது. அல்லி அரசாணி மாலை நம் பாட்டிகள் பெரிய எழுத்துப் புத்தகத்தில் ராகம் போட்டுப் படித்தது. மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண்களே ஆகாது. அர்ச்சுனனுக்கோ அவள் மேல் ஆசை. கண்ணன் பாம்பாட்டியாக வர, அர்ச்சுனன் பாம்பாக மாறி அரண்மனைக்குள் நுழைகிறான். அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். காதல் கதை என்று இதைக் கொண்டாடுகிறார்கள். என்னால் முடியாது. தூங்குகிறவள் கழுத்தில் கட்டியதில் காதல் எங்கே இருக்கிறது? விழித்துக்கொண்டதும் அல்லி படையெடுத்துக் கிளம்புகிறாளே, அந்த இடம் மட்டும்தான் எனக்கு உண்மையாகப் படுகிறது. அதன் தொடர்ச்சியான பவளக்கொடிக் கதை இன்னும் வேடிக்கையான பயணம். அல்லியின் பிள்ளை புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப்போன அர்ச்சுனன் அங்கே பவளக்கொடி என்ற பெண்ணைக் கண்டு மயங்கிவிடுகிறான். சங்கரதாஸ் சுவாமிகள் இதை நாடகமாக எழுதினார். 1934இல் படமாக வந்தபோதுதான் எம்.கே. தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கே வந்தார். பாட்டுக்காக நூறு தடவை கேட்கலாம். பிள்ளைக்குத் தேர் வாங்கப் போனவனுக்காக வீட்டில் காத்திருந்த அல்லியை நினைத்தால்தான் பாட்டுக் காதில் ஏறாது.

நம் கதைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, உண்மையான பயணம் தாலி கட்டிய பிறகுதான் தொடங்குகிறது என்பது. நளனும் தமயந்தியும் சுயம்வரத்தில் சேர்ந்தது கதையின் ஆரம்பம்தான். நாடு போய், காட்டில் அரைச் சேலையோடு அவளைத் தூங்கவிட்டு அவன் ஓடிப்போய், பாம்பு தீண்டி உருவம் மாறி, தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் இன்னொரு அரசனிடம் சேர்ந்து, கடைசியில் அவன் கைப்பக்குவத்தை வைத்தே அவள் கண்டுபிடிக்கிறாள். மேற்கிலும் இப்படி ஒன்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் அப்பூலியஸ் எழுதிய சைக்கி என்ற பெண்ணின் கதை. இருட்டில் மட்டும் வருகிற கணவனின் முகத்தை விளக்கேற்றிப் பார்த்ததற்காக அவனை இழந்து, மாமியாரான தேவதை வைக்கிற ஒவ்வொரு வேலையையும் செய்து, பாதாளம் வரை போய் அவனை மீட்கிறாள். அங்கே ஊர் சுற்றுகிறவள் பெண்.

அச்சில் வார்த்து எடுத்த பொம்மையில் மயிரிழை விரிசல் இருந்தால் பச்சையாக இருக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாது. சூளையில் 1200 டிகிரிக்கு ஏறும்போதுதான் அது வாயைத் திறக்கும். கல்யாணத்தோடு நின்றுவிடுகிற கதைகள் சூளைக்குப் போகாத பொம்மைகள். சுந்தரர் கதை சூளைக்குள் போய் வந்தது, விரிசலையும் மறைக்காதது. அதனால்தான் அதை விட்டு என்னால் நகர முடியவில்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்துச் சொல்கிறார். கதை கயிலையில் தொடங்குகிறது. சிவனுக்குத் தொண்டு செய்யும் ஆலாலசுந்தரர் பூப்பறிக்கப் போன நந்தவனத்தில், உமையின் தோழிகளான கமலினியையும் அநிந்திதையையும் பார்க்கிறார். மூவருக்கும் மனம் தடுமாறுகிறது. தெற்கே போய்ப் பிறந்து அந்த ஆசையை அனுபவித்து வாருங்கள் என்று அனுப்பப்படுகிறார்கள். தண்டனையாக வந்த காதல் என்று பாராமல், வாழ்ந்து தீர்க்க வேண்டிய காதலாக அதைக் கீழே அனுப்பி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

கீழே வந்ததும் முதலில் நடப்பது நின்றுபோன கல்யாணம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் புத்தூரில், சடங்கவியார் மகளோடு மணமேடையில் இருக்கும்போது ஒரு கிழவர் ஓலையோடு வந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். வந்தவர் சிவன். சுந்தரர் அவர் பின்னால் போய்விடுகிறார். மணமேடையில் விடப்பட்ட பெண்ணுக்குச் சேக்கிழார் பெயர்கூடத் தரவில்லை, தகப்பன் பெயரால்தான் சொல்கிறார். அவள் அவரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று மட்டும் முடித்துவிடுகிறார். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் அவள். கல்யாண செட்டில் மணப்பெண்ணுக்குக் கண் எழுதும்போது சில நாள் அவள் நினைவு வரும்.

ஆரூரில் பரவையாகப் பிறந்திருந்த கமலினியைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. கல்யாணம் ஆகிறது. அவள் பங்குனி உத்திரத்துக்கு வாரி வழங்குகிறவள். அவள் கை தாழக் கூடாது என்று அவர் பொன் தேடிப் புறப்படுகிறார். திருப்புகலூரில் செங்கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தால் செங்கல் பொன்னாக இருக்கிறது. அப்புறம் எங்கள் ஊர்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதில் ஒரு கிளைக்கதை வைத்திருக்கிறார்கள். சுந்தரர் முதலில் இந்த வழியாகப் போனபோது, ஊரும் பழசு, சாமியும் கிழவர், அம்மனும் கிழவி, இங்கே பாட என்ன இருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டாராம். சிவன் முருகனை அனுப்பினாராம். வேடனாக வந்த முருகன் அவர் வைத்திருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, வேண்டுமென்றால் முதுகுன்றத்துக்கு வந்து வாங்கிக்கொள் என்றானாம். அந்த முருகன்தான் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். இன்றைக்கும் குறை இருப்பவர்கள் அங்கே போய்த் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். கணவன் மனைவி பிணக்கும் அதில் இருக்கும். கிழவி என்று சொன்னதற்கு அம்மன் பதில் சொன்ன கதையும் உண்டு. பசியோடு வந்த குரு நமசிவாயர், கிழத்தி என்று விளித்துப் பாடிச் சோறு கேட்டாராம். கிழவியால் எப்படிச் சோறு தூக்கிவர முடியும் என்று அம்மன் கேட்க, அவர் இளமையாகப் பாட, இளம்பெண்ணாக வந்து படைத்தாளாம். விருத்தாம்பிகைக்கு ஒரு சன்னதி, பாலாம்பிகைக்கு ஒரு சன்னதி என்று எங்கள் கோயிலில் இரண்டும் இருக்கின்றன. சாமியையும் அம்மனையும் பழமலைநாதர், பெரியநாயகி என்று வயசாளிகளாகவே கும்பிடுகிற ஊரில் பிறந்தவளுக்கு, காதல் இளவட்டங்களின் சமாச்சாரம் மட்டும் என்று தோன்றுவதே இல்லை.

பொன்னோடு கதை முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். சுந்தரர் திருவொற்றியூர் போகிறார். அங்கே கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சங்கிலியைப் பார்க்கிறார். கயிலையில் பார்த்த இன்னொருத்தி அவள்தான். சிவனையே பெண் கேட்டுக் கொடுக்கச் சொல்கிறார். சங்கிலி விவரமானவள். ஆரூரில் அவருக்கு மனைவி இருப்பது அவளுக்குத் தெரியும். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் வேண்டும் என்கிறாள். சுந்தரர் ஒரு தந்திரம் செய்கிறார். நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடம் சொல்லி வைக்கிறார். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, நேரே சங்கிலியின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மரத்தடியில், கடவுள் இருக்கும் இடத்திலேயே, சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியதாகிறது.

வசந்தம் வருகிறது. ஆரூர்த் திருவிழாவும் பரவையும் நினைவுக்கு வர, சத்தியத்தை மீறிப் புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். ஊருக்கு ஊர் தட்டுத் தடுமாறி, பாடிப் பாடி வாங்குகிறார். பொன்னுக்காக நடந்ததைவிட இது கடுமையான நடை.

வந்து சேர்ந்தால் பரவை வீட்டில் இடமில்லை. சங்கிலி விஷயம் காதுக்கு வந்துவிட்டது. சமாதானம் பேச வந்தவர்களிடம், இன்னும் வற்புறுத்தினால் உயிரை விடுவேன் என்கிறாள். நடுராத்திரியில் சிவனே கோயில் அர்ச்சகர் வேஷத்தில் தூது போகிறார். இந்த நேரத்தில் எங்கே வந்தீர் என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் முடியாது என்று அனுப்பிவிடுகிறாள். உலகத்துக்குப் படியளக்கிற கடவுள் வெறுங்கையோடு திரும்புகிறார். சுந்தரர் மறுபடி கெஞ்ச, மறுபடி போகிறார், இந்த முறை சொந்த உருவத்தில். இப்படி அங்குமிங்குமாக நீரே அலைந்தால் நான் ஒப்பாமல் என்ன செய்வேன் என்று அவள் இறங்குகிறாள்.

அரக்கர் கோட்டை, கிளிக்கூண்டு, பவளக்காடு எதையும்விட இந்த வாசல் எனக்குப் பெரிது. ஒரு பெண் முடியாது என்று சொல்கிறாள், கடவுளும் அதை மதித்துத் திரும்பி நடக்கிறார். அல்லிக்குக் கிடைக்காத மரியாதை அது. கதவைத் திறப்பதும் திறக்காததும் பரவையின் முடிவாக இருக்கிறது.

காதலுக்கு எதிராக ஊர் பேசியதையும் சேக்கிழார் விடவில்லை. ஏயர்கோன் கலிக்காமர் என்ற அடியார், ஒரு பெண்ணிடம் கடவுளைத் தூது அனுப்பினானா என்று கொதிக்கிறார். சிவன் அவருக்குச் சூலைநோய் கொடுத்து, அதைத் தீர்க்கச் சுந்தரரை அனுப்புகிறார். அவன் கையால் தீர்வதைவிடச் சாவது மேல் என்று கலிக்காமர் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். வந்து பார்த்த சுந்தரரும் அதே உடைவாளை எடுக்க, இறந்தவர் உயிர்பெற்று அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள். புராணத்தில் இந்தச் சமாதானம் நடந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கும்பிடுகிற காத்தவராயன் கதையில் நடக்கவில்லை. ஆரியமாலாவை விரும்பியதற்கு அவனுக்குக் கழுமரம். பொம்மியைக் கொண்டுபோன மதுரைவீரனுக்கு, பிறகு வெள்ளையம்மாள் விஷயத்தில், மாறுகால் மாறுகை. சாதி தாண்டிக் காதலித்தவனைக் கொன்றுவிட்டு, அப்புறம் சாமியாக்கிப் பொங்கல் வைத்திருக்கிறோம். அந்தக் கதைகளைக் கூத்தில் பார்க்கும்போது கூட்டத்தில் அழாத பெண்கள் குறைவு. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் நம் பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்கிறோம் என்பதை நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

1947இல் வரத் தொடங்கிய அம்புலிமாமா, 1951இல் வந்த பாதாள பைரவி, 1955இல் வந்த குலேபகாவலி எல்லாம் எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு மாயக்கதையைக் கொடுத்தன. தோட்டக்காரன் மகன் அரசகுமாரிக்காகப் பாதாளத்துக்குள் இறங்குவான், மகன் அப்பாவின் கண்பார்வைக்காகப் பூவைத் தேடிப் போவான். அவற்றைக் குறை சொல்ல மனம் வராது. முடிவில் மட்டும் அவை திரும்பக் கல்யாண செட்டுக்கே வந்துவிடும்.

என் பேத்திக்குச் சுந்தரர் கதையைச் சொன்னபோது பரவை கதவைத் திறந்த இடத்தில் நிறுத்தினேன். எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள். "ஆயா, அந்தப் பூக்கட்டுற அக்காவுக்கு யாரு தூது போனாங்க?" என்றாள். யாரும் போகவில்லை. ஒற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தச் சத்தியத்தை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். சத்தியம் மீறப்பட்டதற்குத் திருவிழா கிடையாது. சுந்தரர் கண்ணை இழந்தது, அடைந்தது எல்லாம் விரிவாக வருகிறது, அந்த நாட்களில் சங்கிலி என்ன செய்தாள் என்பது வரவில்லை. பரவையிடம் இருந்தது உண்மைக் காதல் என்றால் சங்கிலியிடம் இருந்ததும் அதுதான். அவள் சத்தியம் கேட்டாள், அவர் செய்தார், அவள் நம்பினாள்.

பேத்திக்கு அதற்கப்புறம் வெள்ளானைச் சருக்கத்தையும் சொன்னேன். சுந்தரர் வெள்ளை யானையில் ஏறிக் கயிலைக்குப் போகிறார். பரவையும் சங்கிலியும் கமலினியாகவும் அநிந்திதையாகவும் அங்கே திரும்புகிறார்கள். சேக்கிழார் அவர்களைச் சுந்தரரின் இரண்டு பக்கமும் நிறுத்தி வைக்கவில்லை. உமையின் கோயிலில் தங்கள் வேலையை மறுபடி எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். பேத்தி கேட்டாள், ரெண்டு பேரும் பேசிக்குவாங்களா என்று. பேசிக்கொள்வார்கள் என்றேன்.